கடைக்குள் சொல்லாத சொல்

என் ஐயா, என் மகனே,

கடிதம் என்றால் முதல் வரியிலேயே இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட வேண்டும். போன வருஷம் உன் அம்மா காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதுகூட அப்படித்தான் எழுதினேன். "எழுதுங்க, நல்லா எழுதுங்க, நான் செத்தாலும் அப்படியே எழுதுங்க" என்று அவள் பாயில் கிடந்தபடியே வைதாள். இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். இதைக் கடையில் உட்கார்ந்தும் எழுதவில்லை. கடற்கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிற ஒரு வள்ளத்தின் மேல் பேப்பரை விரித்து, காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் இருக்க ஒரு முனையில் என் செருப்பை வைத்து எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக நினைக்காதே, செருப்பைக் கழுவிவிட்டுத்தான் வைத்தேன். நிழலும் சாய்மானமும் இருக்கிற கடையை விட்டு இந்த வெயிலில் வந்து ஏன் உட்கார்ந்தேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற கடிதம், சுற்றி வளைத்துத்தான் போகும். நேரில் சொன்னால் சிரிப்புக் காட்டியே விஷயத்தைத் தொலைத்துவிடுவேன்.

உன் கடிதம் வந்தது. கொழும்புக் கடையில் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டாய் என்றும், தை மாதம் கப்பலேறிவிடுவாய் என்றும், சாத்தான்குளத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நம் கயிற்றுக் கடையில் என் பக்கத்தில் உட்காரப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். உன் அம்மா அதை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டாள். நான் கேலி செய்தேன். "ஏளா, உம் மவன் வந்தா என்னைக் கடையை விட்டுத் துரத்திருவான்" என்றேன். துரத்துகிற வேலையை உனக்கு மிச்சம் வைக்காமல் கோர்ட்டே செய்துகொண்டிருக்கிறது.

கடைமேல் வழக்கு இருப்பது உனக்குத் தெரியும். எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரியாது, நான்தான் எழுதவில்லை. கட்டடம் மிக்கேலுடையது. அவன் அப்பா காலத்தில் உன் தாத்தா வாய்ச்சொல்லில் வாடகைக்குப் பிடித்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் கழுதைகூட நிற்காது. இன்றைக்குத் துறைமுகத்துக்குப் போகிற லாரி முழுக்க நம் வாசலில்தான் திரும்புகிறது. மிக்கேலுக்குத் தோணி இருந்தவரைக்கும் கட்டடத்தைப் பற்றிய நினைப்பே கிடையாது. யுத்தத்தில் தோணி போயிற்று. ரங்கூனில் நல்ல நிலையில் இருந்த அவன் மருமகன் அதே யுத்தத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தான், கட்டிய வேட்டியோடு. வருஷக்கணக்காக மாமனார் வீட்டுச் சோறு. அந்த மருமகனை உட்கார வைக்கத்தான் மிக்கேல் கடையைக் கேட்கிறான். வழக்குப் போட்டவன் சொன்னதில் பொய் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் நீ இருக்கிறாய், உனக்கு ஒரு இடம் வேண்டும். அதுவும் பொய் இல்லை. இரண்டு பேரும் நிஜத்தையே சொன்னால் நீதிபதிதான் என்ன செய்வார், பாவம்.

விரோதம் என்று நினைத்துக்கொள்ளாதே. வாய்தாவுக்கு நானும் மிக்கேலும் ஒரே குதிரை வண்டியில்தான் போனோம். தனித்தனியாகப் போனால் கூலி தண்டம் இல்லையா. ஒரு நாள் குதிரை நடுத் தெருவில் நின்றுகொண்டது. "வே, இதுவும் காலி பண்ண மாட்டேங்குதே, இதுக்கு எந்த வக்கீலு?" என்றான் மிக்கேல். "என் வக்கீலுதாம்வே. பீஸு கொள்ளும் புல்லும்" என்றேன். வண்டிக்காரனே இறங்கி நின்று சிரித்தான். அன்றைக்குத்தான் கீழ்க்கோர்ட்டில் நான் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பு ஆனது. திரும்பும்போதும் அதே வண்டி. மிக்கேல் இறங்குகிற இடத்தில் என் பங்குக் கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

நம் வக்கீல் மேல்கோர்ட்டில் அப்பீல் போட்டார். அப்பீல் முடிகிற வரைக்கும் என்னை இறக்கிவிடாமல் இருக்கத் தடை உத்தரவும் கேட்டார். தடை கிடைத்தது. கூடவே ஒரு வாலும் வந்தது. தடை நிற்க வேண்டுமானால் நான் மாதாமாதம் கோர்ட்டில் அனுபோகப் பணம் கட்ட வேண்டும், எவ்வளவு என்று பிறகு முடிவாகும் என்றார்கள். வாடகையைத்தான் ஒரு மாதம் தவறாமல் கொடுக்கிறேனே, இது எதற்கு என்று வக்கீலிடம் கேட்டேன். "அண்ணாச்சி, தீர்ப்பு ஆன அன்னைக்கே நீங்க வாடகைக்காரர் இல்லன்னு ஆயிட்டு. இப்ப நீங்க சும்மா இருக்கிற ஆளு. அடுத்தவர் இடத்துல இருந்து அனுபவிக்கீங்க பாத்தீங்களா, அதுக்கு இன்னைய நெலவரப்படி ஈடு கட்டணும். பழைய வாடகை கணக்கு இதுல செல்லாது" என்றார். "என்னத்தய்யா அனுபவிச்சேன்? அனுபவிக்கிறது பூரா எலிதான். அதுமேலயும் ஒரு நோட்டீஸ் விடுங்க" என்றேன். வக்கீல் சிரிக்கவில்லை. நான் விடுகிற ஆளா? "வெள்ளைக்காரன் எத்தனை காலமா இங்கன இருந்து அனுபவிச்சிட்டுக் காலி பண்ணிப் போனான். அவங்கிட்ட எவனாவது அனுபோகப் பணம் கேட்டானா?" என்றேன். அப்போது சிரித்தார். சிரித்துவிட்டு, "இந்த வாயை வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் கட்டி வையுங்க, அண்ணாச்சி" என்றார்.

வெள்ளிக்கிழமை கமிஷனர் வருவதாக இருந்தது. கமிஷனர் என்றால் பெரிய துரை இல்லை. கோர்ட்டு அனுப்புகிற ஒரு சின்ன வயசு வக்கீல். கடையைப் பார்த்து, தெருவைப் பார்த்து, வியாபாரம் எப்படி என்று விசாரித்து எழுதிக் கொடுப்பார், அதை வைத்து நீதிபதி தொகையை முடிவு செய்வார். நம் வக்கீல் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். பொய் எதுவும் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும். கயிறு வாங்கிக்கொண்டிருந்த தோணிக்காரர்களில் பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டார்கள், சங்கு குளிக்கிற காலத்தில் மட்டும் குளியாட்கள் வந்து நாலு முழம் வாங்குகிறார்கள், மற்ற மாதங்களில் ஈ ஓட்டுகிறோம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. எல்லாம் நிஜம். நானும் தயாராகத்தான் இருந்தேன். இரண்டு நாள் முகச்சவரம்கூடச் செய்யவில்லை. உன் அம்மா பார்த்துவிட்டு, "தாடி வச்சாலும் சிரிச்ச மூஞ்சியாத்தான் இருக்கு, என்ன செய்ய" என்றாள்.

அவர் வந்த நேரம்தான் கோளாறு. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தவர், வெயிலுக்கு முந்தி முடித்துவிடலாம் என்று கடை திறக்கும்போதே வந்துவிட்டார். நான் அப்போதுதான் வாசல் தெளித்து, சாமி படத்துக்குக் கீழே விளக்கை ஏற்றி, ஊதுபத்தியைக் கொளுத்தியிருக்கிறேன். முதல் போணி ஆகவில்லை. மிக்கேலும் அவன் வக்கீலும் பின்னால் நிற்கிறார்கள். அந்தக் கமிஷனர் பிள்ளை சுற்றிப் பார்த்தார், வாசலை அளந்தார், ஒரு லாரி திரும்புவதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வியாபாரம் எப்படிங்க நடக்குது?" என்று கேட்டார்.

உனக்குத்தான் தெரியுமே. நீ கடையில் உட்கார ஆரம்பித்த புதிதில் ஒரு காலையில், ஒரு தோணிக்காரர் தார் கேட்டதற்கு "தார் இல்லை" என்று உரக்கச் சொல்லிவிட்டாய். நான் தலையில் குட்டினேன். விளக்கு எரிகிற கடையில் அந்தச் சொல் வரக் கூடாது, வந்தால் இருக்கிறதும் போய்விடும் என்று உன் தாத்தா என்னைக் குட்டிச் சொன்னது, நான் உன்னைக் குட்டிச் சொன்னேன். "வந்துகிட்டு இருக்குன்னு சொல்லணும்லே" என்றேன். யுத்த காலம் பூராவும் நம் கடையில் தார் வந்துகொண்டேதான் இருந்தது. "என்ன வே, கால் நடையாவா வருது?" என்று அந்தத் தோணிக்காரர் கேட்காத நாள் கிடையாது. "கால்ல முள்ளு குத்திட்டாம், கயத்தாத்துல உக்காந்து எடுத்துக்கிட்டு இருக்கு" என்பேன் நான். அப்படிப் பழகிய நாக்கு. விளக்கு எரிகிறது, போணி ஆகவில்லை, வாசலில் நிற்கிறவர் வியாபாரம் எப்படி என்று கேட்கிறார். என் வாய் என்னைக் கேட்கவே இல்லை, ஐயா. "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் கெடையாது. நெறஞ்சு நடக்குது" என்று சொல்லிவிட்டது. அதோடும் நிற்கவில்லை. "இது ராசியான எடம்லா, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தாலும் கடலு கொண்டாந்து மடியில போடும்" என்று அடுத்ததையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். அவர் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நிமிஷத்தில் திருத்திச் சொல்லியிருக்கலாம். அதற்கும் அந்தச் சொல்தான் வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

நம் வக்கீல் பத்து மணிக்குச் சரியாக வந்தார். எல்லாம் முடிந்திருந்தது. "என்ன சொன்னீங்க?" என்றார். சொன்னேன். கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்துவிட்டார். "நடக்காத வியாபாரத்தை நடக்குதுன்னு ஏன் அண்ணாச்சி சொன்னீங்க?" "வேற என்ன சொல்ல? அப்பதான் வெளக்கு ஏத்தியிருந்தேன்." நாசரேத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, சட்டமும் படித்த மனுஷன். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது. அவர் அப்பாவும் கடைக்காரர்தான். புரிந்ததனால்தான் அவரால் என்னைத் திட்டக்கூட முடியவில்லை. வீட்டில் உன் அம்மா அந்தக் குறையைத் தீர்த்தாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா என்ன? ஊருல எழவு வீட்டுல போயிச் சிரிப்புக் காட்டுற மனுசன், கோர்ட்டு ஆளுகிட்ட மட்டும் பெரிய மொதலாளி ஆயிட்டீகளாக்கும்!" என்று ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். பிறகு எழுந்து போய் அடுக்களை விளக்கைத் தணித்தாள். அணைக்கப் போகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, மலையேற்றப் போகிறேன் என்றுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தொகை முடிவாகிவிட்டது. இடத்தை அனுபவிக்கிறவனே வியாபாரம் நிறைந்து நடப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், அடுத்த கட்டடத்தில் புதிதாக வந்த லாரிக் கம்பெனி கொடுக்கிற வாடகையும் அப்படி இருக்கிறது, ஆகையால் இதுதான் நியாயம் என்று எழுதிவிட்டார்கள். பழைய வாடகையைப் போல நாலு மடங்கு. தீர்ப்பு ஆன நாளிலிருந்து கணக்குப் போட்டு மொத்தமாக ஒரு தடவை, பிறகு மாதாமாதம். மார்கழி முடிவதற்குள் முதல் தொகை கோர்ட்டில் ஏறாவிட்டால் தடை தானாகவே விழுந்துவிடும், பிறகு கடையைக் காலி செய்ய வைக்கக் கோர்ட்டு அமீனா வருவார். அப்பீலை ஒருவேளை நான் ஜெயிக்கலாம், வக்கீல் இன்னும் அப்படித்தான் சொல்கிறார். ஜெயிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கக் கொடுக்கிற காசு, ஜெயித்துக் கிடைக்கிற கடையையே விழுங்கிவிடும். குறைக்கச் சொல்லி மனுப் போடலாமா என்று கேட்டேன். போட்டார். நீதிபதி, "அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா?" என்று கேட்டாராம். மனு அதோடு தள்ளுபடி. பாக்குத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவரிடம் கடன் கேட்கலாம் என்றாள் உன் அம்மா. நான் வேண்டாம் என்றேன். நீ சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருப்பதை அனுப்புகிறேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய், அதற்கும் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஓட்டைத் தோணியில் தண்ணீரை இறைத்துக்கொண்டே கொழும்பு வரை போக முடியாது.

உத்தரவு ஆன மறுநாள் மிக்கேல் கடைக்கு வந்தான். அரை வீசைக் கயிறு கேட்டான். தோணி இல்லாதவனுக்குக் கயிறு எதற்கு? நிறுத்துக் கொடுத்தேன், காசு கொடுத்தான். போகாமல் நின்றான். "அன்னைக்கு நீரு சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும்வே" என்றான். "தெரிஞ்சா அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்றேன். "எப்படிச் சொல்லுவேன்? வெளக்கு எரியுற கடைக்குள்ள நின்னு, இவனுக்கு யாவாரம் இல்லன்னு நான் சொல்லவா? எங்கப்பன் கல்லறைக்குள்ளேருந்து எந்திரிச்சு வந்து என் செவுட்டுல அறைஞ்சிருப்பான்" என்றான். அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன், அந்த விளக்கு அவன் சாமிக்கு ஏற்றியதும் இல்லை. ஆனாலும் அந்தத் தெருவில் பிறந்தவன். வாய் திறந்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கலாம், அப்படிச் செய்தால் அவன் மருமகனுக்குக் கடை தள்ளிப் போயிருக்கும். தெருப் பழக்கமும் சொந்த லாபமும் ஒரே பக்கம் இழுத்ததால் சும்மா நின்றுவிட்டான். "அந்தப் பணம் எனக்கு வேண்டாம்வே. கடை போதும்" என்று மட்டும் சொன்னான். வாயால் சொன்னாலும் பணத்தைத் தள்ளிவிட அவனுக்கும் முடியாது, அது கோர்ட்டுக்குள் போகிற பணம். கயிற்றை எடுக்காமலே போய்விட்டான். கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது.

இனிமேல்தான் கஷ்டமான இடம். சாத்தான்குளத்தில் பெண்ணின் தகப்பனார் உன்னைப் பார்த்து மட்டும் பெண் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்துப் பக்கத்தில் நின்று நிலைத்த கடை இருக்கிறது, மகள் அக்கரைக்குப் போக வேண்டாம் என்பதுதான் அவர் கணக்கு. அது நியாயமான கணக்கு. அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் பஸ் ஏறிப் போனேன். அவரும் கடைக்காரர், கருப்பட்டி மண்டி. என்னைக் கடையில் உட்கார வைத்துப் குடிக்கப் பானக்காரம் வரவழைத்துக் கொடுத்தார். "நம்ம கடை எப்படிப் போகுது சம்மந்தி?" என்றார். நம்ம கடை என்றார், ஐயா. அவர் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. நான் அவர் மண்டியில் எறும்பு அதிகம் என்று கேலி செய்தேன், அவர் என் தாடியைக் கேலி செய்தார், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பாடு போட்டார். அந்தப் பெண் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனது, நல்ல களையான பிள்ளை. கடைசிப் பஸ்ஸில் திரும்பிவிட்டேன். போன காரியம் என்ன என்று அவர் கேட்கவே இல்லை, சும்மா பார்க்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் தகப்பன்மார் கடிதம் எழுதுவார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம். கேலி நல்லதுதான், அதை விட்டுவிடாதே. உன் அம்மா இத்தனை வருஷம் என்னோடு இருந்ததே அதனால்தான். ஆனால் உன்னிடம் ஒருவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறபோது, அது எந்த இடம், என்ன நேரம் என்று பார்க்காதே. கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிடு. தார் இல்லை என்று நீ சொன்ன அன்றைக்கு நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அந்தத் தோணிக்காரர் வேறு கடையைத் தேடிப் போயிருப்பார், அவர் தோணி ஒழுகாமல் இருந்திருக்கும். எனக்கு இந்த வயசில் நாக்கைத் திருப்ப முடியாது. உனக்கு முடியும். சாத்தான்குளத்துக்கு நீயே எழுது. உள்ளதை எழுது. அவர் பெண் கொடுக்க மாட்டேன் என்றால் அவர்மேல் கோபப்படாதே. கொடுக்கிறேன் என்றால் அந்தப் பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப் போ. கொழும்புக் கடையில் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள், முதலாளி ஏசினால் கேட்டுக்கொள்.

கடற்கரைக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிற காரணம் இப்போது உனக்கே விளங்கியிருக்கும். நாலு நாளாகக் கடையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுதுகிறதெல்லாம் நிறைந்து நடக்கிறது, எல்லோரும் சௌக்கியம் என்றே போய் நின்றது. இங்கே விளக்கும் கிடையாது, சாமி படமும் கிடையாது. காற்றும் செருப்பும்தான். அதனால் எழுதுகிறேன்.

நமக்குக் கடை இல்லை.

எழுதிவிட்டேன். எழுத்து கோணியிருந்தால் காற்று என்று வைத்துக்கொள். நாளைக்குப் புறப்படுகிற கொழும்புத் தோணியை ஓட்டிப்போகிற தண்டல் கையில் இதைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவேன். மார்கழி முடிய இன்னும் நாள் இருக்கிறது, அமீனா வருகிறவரைக்கும் விளக்கேற்றத்தான் வேண்டும். அந்தப் பழைய தோணிக்காரர் தினமும் வந்து, "மவன் எப்பவே வாரான்?" என்று கேட்கிறார். நாளைக்கும் கேட்பார். வந்துகொண்டு இருக்கிறான் என்றுதான் சொல்வேன், கடைக்குள் எனக்கு வேறு சொல் வராது.

நீ வராதே, ஐயா.

இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் அப்பா